வேகத்தைக் கூட்டுகிறேன், அக்கா

பிள்ளையார்பாளையம்,
14 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், செல்வி காயத்ரி அவர்கள் டாக்டராகும் பொருட்டு நாமக்கல் கோச்சிங் ஹாஸ்டலுக்குப் புறப்பட்ட பதினோராம் நாள், அன்னார் விட்டுச்சென்ற பச்சைச் சீப்பு இரண்டு பற்களை இழந்து, குடும்பத்தாரின் ஆழ்ந்த மௌனத்துக்கிடையே தம்பி தினகரன் வசம் வந்து சேர்ந்தது. பற்கள் எப்படி விழுந்தன என்பது விசாரணையில் இருக்கிறது. பூனை மீது சந்தேகம்.

இங்கே மூன்று பேரும் சௌக்கியம். உன் வயிறு ஹாஸ்டல் சாம்பாருக்குப் பழகிவிட்டதா என்று அப்பா கேட்கிறார்.

இனி விஷயம். ரேவதி டீச்சர் வகுப்பில் "ஸ்டெப் அப்னா என்ன?" என்று கேட்டார். பத்தாம் வகுப்பின் மானத்தைக் காப்பாற்ற நான் எழுந்து, "படி மேல ஏறுறது மிஸ்" என்றேன். வகுப்பே சிரித்தது. சரத்குமார் பெஞ்சைத் தட்டிச் சிரித்தான். அவனுக்கும் அர்த்தம் தெரியாது. டீச்சர், "அப்ப நீ பெஞ்சு மேல ஏறு. அர்த்தத்தோட பத்து வாக்கியம் எழுதிக்கினு வந்தப்புறம் எறங்கு" என்றார். ஆகவே நான் உயர்ந்த இடத்தில் இருக்கிறேன். சீக்கிரம் அர்த்தம் எழுதி என்னை இறக்கவும்.

நீ இல்லாமல் சமையல் முழுக்க அம்மா தலையில். அம்மா எழுந்தால் தறி நின்றுவிடுகிறது. இந்தச் சேலை உடல் அரக்கு, கரை பச்சை. இரண்டு நிறமும் கோத்துக்கொண்டு வர, வலப்பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து கரை நூல் ஓட்டும் நாடாக் கட்டையைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமே. அம்மா எழுந்ததும் அப்பா என்னைப் பார்ப்பார். நான் பூனையைப் பார்ப்பேன்.

உன் அறிவில் பாதி, உன் அழகில் இரண்டு மடங்கு கொண்ட தம்பி,
தினா

(கீழே அம்மாவின் கையெழுத்தில்)
காயு, தலைக்கு எண்ணெய் வை. சரியா தூங்கு. இவன் எழுதறதை அப்படியே நம்பாதே.

*

நாமக்கல்,
23 ஜூன் 2025

தினா,

உன் கடிதத்தை எங்கள் அறையில் ஆறு பேரும் படித்தோம். சீப்புக்கு அஞ்சலி செலுத்தினோம். நான் நன்றாக இருக்கிறேன். இங்கே போன் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம், அதுவும் வார்டன் பக்கத்தில் நின்றுகொண்டு. அதனால் நீ எழுது.

ஸ்டெப் அப் என்றால் கூட்டுவது. எங்கள் பிசிக்ஸ் சார் காலையில் உள்ளே வந்ததும் "ஸ்டெப் அப் யுவர் ஸ்கோர்" என்றுதான் கத்துகிறார். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றின் அளவையோ வேகத்தையோ ஒருவர் முயற்சி செய்து கூட்டினால் அப்படிச் சொல்லலாம். கருட சேவைக்கு போலீஸ் பாதுகாப்பைக் கூட்டினார்கள், சரி. முகூர்த்த மாதத்தில் அப்பா நெசவைக் கூட்டினார், அதுவும் சரி. உன் வால் நீண்டுகொண்டே போகிறது, தப்பு. அது தானாக வளர்வது, யாரும் முயற்சி செய்யவில்லை. அதற்கு இன்க்ரீஸ் போட்டுக்கொள்.

அம்மாவிடம் சொல், எண்ணெய் வைத்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்.

அக்கா

*

பிள்ளையார்பாளையம்,
6 ஜூலை 2025

மாண்புமிகு அக்காவுக்கு,

பெஞ்சிலிருந்து இறங்கிவிட்டேன். சௌக்கியம். உன் விளக்கத்தைக் கேட்டதும் எனக்கு ஒரே குழப்பம்: கூட்டு என்றால் சோற்றோடு வருவது, கூட்டுவது என்றால் துடைப்பத்தோடு வருவது, இப்போது இங்கிலீஷோடும் வருகிறதா? இருந்தாலும் பத்து வாக்கியம் எழுதினேன். ஒன்று: 'எங்கள் கணக்கு சார் அடியைக் கூட்டிவிட்டார், நாங்கள் சத்தத்தைக் கூட்டிவிட்டோம்.' டீச்சர் வாய்விட்டுச் சிரித்து, பக்கத்து வகுப்பில் போய்ப் படித்துக் காட்டினார். இனிமேல் ஆங்கிலத்தில் நான்தான். முழுப் பரீட்சையில் தொண்ணூறு எடுப்பேன், எழுதி வைத்துக்கொள்.

வீட்டில் அப்பா, "ஆவணிக்குள்ள இன்னும் ரெண்டு சேலை தறியிலருந்து எறக்கணும் கலாவதி" என்றார். அம்மா, "நான் ரெடி. ஒன் கால்தான் மெதுவா மிதிக்குது" என்றார். நான், "அம்மா ஸ்டெப்ஸ் அப், அப்பா ஸ்டெப்ஸ் டவுன்" என்றேன். அம்மா நூல் கண்டை என் தலைமேல் எறிந்தார். குறி தப்பவில்லை.

உன் ஆரோக்கியத்தையும் மார்க்கையும் ஒருங்கே விசாரிக்கும்,
தினா

(அம்மா எழுதியது)
காயு, இவன் நல்லாதான் படிக்கிறான். சந்தோசமா இருக்குது. நீ சாப்பிடு.

*

நாமக்கல்,
10 ஆகஸ்ட் 2025

தினா,

எப்படி இருக்கிறீர்கள்? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. நான் எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை. ஞாயிறு போன் செய்தால் அப்பா எடுக்கிறார். அம்மா எங்கே என்றால் ஒரு வாரம் "ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போயிருக்கா", அடுத்த வாரம் "குளிச்சிக்கினு இருக்கா", இன்று மறுபடி கோயில். ஆடி மாதம் வந்து பார்க்கிறேன் என்று சொன்ன அப்பா வரவும் இல்லை.

உன்மேல் கோபமாக இருக்கிறாளா அம்மா, என்மேலா? போன டெஸ்ட்டில் மார்க் குறைந்ததை அப்பா சொல்லிவிட்டாரா? நானே சொல்லலாம் என்றிருந்தேன்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா

*

பிள்ளையார்பாளையம்,
17 ஆகஸ்ட் 2025

அன்பு அக்கா,

கோபமெல்லாம் யாருக்கும் இல்லை. உனக்கு மார்க் குறைந்தது இப்போது நீ எழுதித்தான் எங்களுக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. கடிதம் எழுதாததற்குக் காரணம் என் புகழ். பள்ளியில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி, நான் பேசினேன், கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது, ஒரு ஸ்டீல் டம்ளர் பரிசு. டம்ளரை உன் கண்ணில் காட்ட முடியாதது வருத்தம். பூனை அதில்தான் பால் குடிக்கிறது.

அம்மா ரொம்பக் கோயில் கோயிலாகப் போகிறார்கள். உனக்காகத்தான். எல்லோரும் நலம். இந்த வருடம் பாலாற்றில் கொஞ்சம் தண்ணீர் தெரிகிறது என்று ஓரிக்கைப் பக்கம் போய்வந்தவர்கள் சொன்னார்கள். நான் போகவில்லை.

ஒரு சந்தேகம், டீச்சர் கேட்டது. ஒன்றுமே இல்லாத நிலையிலிருந்து ஆரம்பித்தால் ஸ்டெப் அப் என்று சொல்லலாமா? உதாரணத்துக்கு, ஒருவர் பேசவே இல்லை, இனிமேல்தான் பேச வேண்டும். அப்போது என்ன சொல்ல வேண்டும்? உடனே எழுது.

நலத்தோடு,
தினா

(கீழே)
காயத்ரி, நன்றாகப் படி. நான் நலமாக இருக்கிறேன். கவலைப்படாதே. அம்மா.

*

நாமக்கல்,
30 ஆகஸ்ட் 2025

தம்பி,

டம்ளர் வாங்கியவனுக்கு வாழ்த்து. மூன்று பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் டீச்சர் கேள்வி நல்ல கேள்வி. ஒன்றுமே இல்லை என்றால் சொல்ல முடியாது. அப்போது அது ஆரம்பிப்பது மட்டும்தான், ஸ்டார்ட். ஒரு நாளைக்கு ஒரு வார்த்தையாவது பேசுகிறவர் என்றால், அதை இரண்டாக்கும்போது ஸ்டெப் அப் சொல்லலாம். கொஞ்சமாவது கையில் இருக்க வேண்டும். யாருடைய பேச்சு அது?

அம்மா 'நலமாக இருக்கிறேன்' என்று எழுதியிருந்தாள். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அம்மா அப்படிப் பேசமாட்டாளே. ஞாயிறு கட்டாயம் அவள் போனை எடுக்கட்டும். இங்கே எனக்கு மார்க் ஏறவில்லை. யாரிடமும் சொல்லாதே.

அக்கா

*

பிள்ளையார்பாளையம்,
18 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

நீ கேட்ட அந்தப் பேச்சு கொஞ்சம் இருக்கிறது. டீச்சரிடம் சொல்லிவிட்டேன், ஒரு சத்தம் அளவுக்கு இருக்கிறது. சந்தோஷப்பட்டார்.

நம் வீட்டு நெசவுச் செய்தி: உற்பத்தி கூட்டப்பட்டது. பதினெட்டு நாள் சேலையைப் பதிமூன்று நாளில் இறக்கிவிட்டோம். மயில் கழுத்து நிறத்தில் உடல், மாம்பழ நிறத்தில் கரை. அப்பாவுக்கே ஆச்சரியம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தப் பேய் மழை பெய்ததே, கூரையில் ஒழுகி நேராகத் தறியில் கட்டியிருந்த பாவு நூலின் மேல் சொட்டியது. நான் மட்டும் பாய்ந்து போய்ப் பிளாஸ்டிக் தாளை விரிக்காவிட்டால் பட்டு போயிருக்கும். தோள்பட்டைதான் கொஞ்சம் வலி.

அம்மாவுக்கு எழுத நேரமில்லை. உன் உடம்பு சூடு குறைய மோர் குடி.

வீரத்தம்பி,
தினா

*

நாமக்கல்,
25 செப்டம்பர் 2025

தினா,

நலம் விசாரிக்கப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உனக்குக் காலாண்டுப் பரீட்சை. ஆங்கிலம். அறையில் இருக்கும் பெண்ணின் தம்பியும் பத்தாவதுதான், தேதி கேட்டுப் பார்த்தேன். அந்த நேரத்தில் நீ ஏன் தறிப் பக்கத்தில் இருந்தாய்? கரை மாம்பழ நிறம், உடல் வேறு நிறம் என்கிறாய். வலப்பக்கம் யார் உட்காருகிறார்கள்? நாடா போட்டால்தானே தோள் வலிக்கும்.

அம்மா எங்கே?

அடுத்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன்.

காயத்ரி

*

பிள்ளையார்பாளையம்,
2 அக்டோபர் 2025

அக்கா,

பஸ் ஏறாதே. முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்.

ஜூலை பதினொன்று, வெள்ளிக்கிழமை காலை. நான் யூனிபார்ம் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வலப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாடா கீழே விழுந்தது. அப்பா, "என்ன கலாவதி, தூக்கமா?" என்றார். அம்மா குனிந்து எடுக்கப் போனார்கள், கை வரவில்லை. வாய் கோணிப் போனது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சு இல்லை. 'ஆ' என்று ஒரு சத்தம் மட்டும். பயிற்சி கொடுக்க ஒரு அக்கா வாரம் இரண்டு முறை வருகிறார்கள்.

உன் பரீட்சை முடியும்வரை சொல்லக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டார். அம்மா பேரில் அந்த இரண்டு வரி எழுதியது நான். ரேங்க் கார்டில் அப்பா மாதிரி கையெழுத்துப் போட்ட அதே கை. பள்ளிக்கூடம் அன்றோடு சரி. பேச்சுப் போட்டி, டம்ளர், எதுவும் இல்லை. சாயந்திரம் சரத்குமார் வீட்டுக்குப் போய் நோட்டு எழுதிக்கொள்கிறேன். சேலை பாதியில் நின்றது, வலப்பக்கத்துக்கு ஆள் உடனே கிடைக்கவில்லை. நான் உட்கார்ந்தேன்.

ஆனால் ஒன்று, நீ வரவே வேண்டாம். நான் இதில் கெட்டிக்காரன் என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. கை தானாகப் போகிறது. அம்மா கட்டிலைத் தறிக்கு எதிரில் போட்டிருக்கிறோம். நான் வேகமாக நாடா போடும்போது அம்மா என்னைப் பார்த்து 'ஆ, ஆ' என்று குரல் கொடுக்கிறார்கள். அவ்வளவு சந்தோஷம். உடனே நான் இன்னும் வேகத்தைக் கூட்டுகிறேன், அம்மாவும் குரலைக் கூட்டுகிறார்கள். பயிற்சி அக்கா, "சத்தம் நல்லா வருது, எப்படி?" என்று கேட்டார்கள். என்னால்தான் என்றேன்.

வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ படி.

தினா

*

நாமக்கல்,
12 அக்டோபர் 2025

தினா,

கடிதம் வந்த அன்று பையைக் கட்டிக்கொண்டு வார்டன் அறைக்குப் போய்விட்டேன். கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். அம்மா உன்னைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாள் என்ற இடத்தை. அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

நான் வந்தால் உன் மூன்று மாதம் வீண். வராவிட்டால் உன் பத்தாம் வகுப்பு வீண். எது என்று தெரியவில்லை. நீ நன்றாகப் போடுகிறாய், வீடு நடக்கிறது என்றால் மே மாதம் என் பரீட்சை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். உன் வார்த்தையை நம்பித்தான் இருக்கிறேன்.

இன்று ஞாயிறு, அப்பாவிடம் போனை அம்மா காதில் வைக்கச் சொன்னேன். நான் பேசினேன். மூச்சு மட்டும் கேட்டது. நேரம் ஆயிற்று என்று வார்டன் சொல்லவில்லை.

தோளுக்கு நல்லெண்ணெய் தடவு. அப்பாவைச் சாப்பிடச் சொல்.

அக்கா

*

பிள்ளையார்பாளையம்,
9 நவம்பர் 2025

அக்காவுக்கு,

அம்மா உடம்பு அப்படியே இருக்கிறது. மோசமில்லை. அப்பாவுக்குச் சளி. நான் நலம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

போன மாதம் கடைசியில் நெசவாளர் சங்கத்திலிருந்து ஒரு சேலை திரும்பி வந்தது. அப்பா அதைப் பீரோ மேல் வைத்தார். ஏதோ நிறம் பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை எதிர்வீட்டு கிருஷ்ணவேணி அக்கா அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார்கள். நான் நாடா போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா 'ஆ, ஆ' என்றார்கள். பார்க்க ஆள் வேறு இருக்கிறதே என்று நான் வேகத்தைக் கூட்டினேன். அம்மா இன்னும் சத்தமாக.

கிருஷ்ணவேணி அக்கா, "டேய் தினா, கைய நிறுத்து. ஒங்கம்மா எதுக்குக் கத்தறாங்கனு தெரியுமா?" என்றார்கள்.

"என் ஸ்பீடைப் பாத்துக்கா."

"ஸ்பீடா? அங்க பாரு. ஒடம்பும் கரையும் கோக்கலை, சந்து வுட்டுக்கினே போற. அதைத்தான் காட்டறாங்க. தெனமும் அதைத்தான் காட்டறாங்க."

பார்த்தேன். கரைக்கும் உடலுக்கும் நடுவே ஊசி நுழையும் அளவுக்குச் சந்து. ஒன்றில்லை, வரிசையாக. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா குனிந்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார்.

"ஒனக்குத் தெரியுமாபா?"

"தெரியும்பா."

"ஏன் சொல்லலை?"

"மொத வருசம் ஒங்கம்மாவும் இப்படித்தான் போட்டா. அப்பவும் நான் சொல்லலை."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. உனக்குத்தான் தெரியுமே நான் எப்படிப்பட்டவன் என்று, சோதித்துப் பார்த்தேன். பத்து முறை மெதுவாக, ஒழுங்காகக் கோத்துப் போட்டேன். அம்மா சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோராவதை வேண்டுமென்றே கோக்காமல் விட்டேன். 'ஆ' என்றார்கள். திரும்ப ஒழுங்காக. சத்தமில்லை. திரும்ப விட்டேன். 'ஆ.' இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தார்கள். அதோடு எழுந்து வெளியே போய்விட்டேன்.

மூன்று மாதமாக நான் கைதட்டல் என்று நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான் அக்கா.

பதிமூன்று நாளில் சேலை இறக்கினோம் என்று எழுதினேனே, அதுவும் என் வேகம் இல்லை. அப்பா என்னைச் சாயந்திரம் "போய் நோட்டு எழுதிக்கினு வா" என்று அனுப்பிவிட்டு, கிருஷ்ணவேணி அக்காவை வலப்பக்கம் உட்காரவைத்து, நான் நெய்ததைப் பிரித்து மறுபடி நெய்திருக்கிறார். அந்தச் சேலைக்குப் போனது இருபத்தாறு நாள் உழைப்பு. பிரிக்க முடியாமல் விட்டதுதான் திரும்பி வந்தது. நான் உட்காராமல் இருந்திருந்தால் அப்பாவுக்குப் பாதி வேலைதான்.

தீபாவளி கழித்து அப்பா புதுப் பாவு போட்டார். உடலும் கரையும் ஒரே நிறம், முழுக்க அரக்கு. அதற்குக் கோர்வை வேண்டாம், ஒரு ஆளே போதும். வலப்பக்கம் போட்டிருந்த மணையை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "திங்கக்கெழமை ஸ்கூலுக்குப் போ" என்றார். "கூலி கொறையும்பா" என்றேன். "கொறையட்டும்" என்றார். போனேன். ரேவதி டீச்சர், "வா, ஒக்காரு" என்றார். வருகைப் பதிவுக்குத் தலைமை ஆசிரியரிடம் பேசுகிறாராம். பரீட்சைக்கு விடுவார்களா தெரியாது. கரும்பலகையில் இருப்பது எனக்குப் பாதி புரியவில்லை.

வீடு இப்போது அமைதியாக இருக்கிறது. அப்பா நெய்வதில் தப்பு வருவதில்லை, அதனால் அம்மாவுக்குக் குரல் கொடுக்க ஒன்றுமில்லை. பயிற்சி அக்கா நேற்று வந்து, "என்னமா, சத்தம் கொறைஞ்சிட்ச்சி?" என்று கேட்டார்கள். போன தடவை என்னால்தான் என்று சொன்னவன், சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

நீ பையை மாடிக்குத் தூக்கிப்போனது என் வார்த்தையை நம்பி. அதில் நம்ப ஒன்றுமில்லை. வருவதா, இருப்பதா, நீயே யோசித்துச் செய். வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இவ்வளவு நாள் நான் வீட்டைத் தாங்கவில்லை அக்கா. அம்மா நிறுத்து நிறுத்து என்றார்கள். நான் வேகத்தைக் கூட்டினேன்.

தினா